25 வெள்ளிச் சித்திரக்கதை



பினாங்கு நகரத்தில் முன்பு சினாரான் பிரதர்ஸ் என்றொரு பதிப்பகம் இருந்தது. மலாய் மொழியில் சிறு சிறு கதைப் புத்தகங்களை அச்சிட்டு வெளியிட்டு வந்த நிறுவனம் அது. 1964ஆம் ஆண்டில் அங்கிருந்து 'தீகா செகாவான்' என்ற சித்திரக்கதை வெளிவந்தது. மூன்று தோழர்கள் சேர்ந்து ஒரு திருடனைப் பிடிக்கிறார்கள், கதை அவ்வளவுதான். வரைந்து அனுப்பியவர் யாரோ வயது வந்த ஓவியர் என்று எண்ணிய பதிப்பகத்தார், அவருக்கு 25 வெள்ளி சன்மானம் கொடுத்தார்கள். வரைந்தவருக்கோ அப்போது வயது 13. பேராக் மாநிலத்துப் பள்ளி மாணவர் அவர். பொழுதுபோக்காக வரைந்து பார்த்ததை அனுப்பி வைத்திருந்தார்.

அந்த மாணவரின் முழுப்பெயர் முகமட் நோர் காலிட். நாடறிந்த பெயர் லாட். 1994ஆம் ஆண்டில் பேராக் சுல்தானிடமிருந்து டத்தோ பட்டம் பெற்றவர். 2002ஆம் ஆண்டில் ஜப்பானின் புக்குவோக்கா ஆசியப் பண்பாட்டுப் பரிசைப் பெற்றவர். விருதுகளின் பட்டியலை வாசிப்பது இந்த உரையின் நோக்கமன்று. முகம் தெரியாத ஒரு பிள்ளையின் கைவேலையைப் பெரியவர்கள் சிலர் மதித்ததனால் என்ன விளைந்தது என்பதையே நாம் இன்று பார்க்கப் போகிறோம். ஆசிரியர்களும் பெற்றோரும் சற்றுக் காது கொடுக்க வேண்டுகிறோம்.

பினாங்குக்கும் மலாய் அச்சுத் தொழிலுக்கும் பழைய உறவு உண்டு. பாயான் லெப்பாஸிலிருந்து நகரத்துக்குப் போகும் வழியில் ஜெலுத்தோங் வருகிறதல்லவா? சையத் ஷேக் அல்-ஹாதி என்ற சீர்திருத்தவாதி 1927ஆம் ஆண்டில் அச்சகம் தொடங்கி, ஏடுகளும் நாவல்களும் வெளியிட்ட இடம் அது. அப்படிப்பட்ட ஊரில் பின்னாளில் தோன்றிய சிறு பதிப்பகங்களுள் ஒன்றுதான் சினாரான். சிறு பதிப்பகங்களில் ஒரு வசதி இருந்தது. ஆளை நேரில் அழைத்து, தகுதி என்ன, சான்றிதழ் என்ன என்று கேட்கும் வழக்கம் குறைவு. தபாலில் கட்டு வரும், பிரித்துப் பார்ப்பார்கள், படம் நன்றாயிருந்தால் அச்சுக்குப் போகும். பையன் என்று தெரிந்திருந்தால் தட்டிக் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கவும் கூடும். தெரியாததே நல்லதாயிற்று.

லாட் பிறந்தது 1951ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள். பேராக்கில் கோப்பேங் பக்கத்துக் கம்பம் ஒன்றில். குழந்தையாய் இருந்தபோது முகம் உருண்டையாய் இருந்ததால் வீட்டார் 'புலாட்' என்று அழைத்தார்கள். மலாயில் புலாட் என்றால் வட்டம். அதுவே குறுகி லாட் ஆயிற்று. தந்தையார் இராணுவத்தில் எழுத்தர், அதாவது நம் தோட்டத்துப் பேச்சில் கிராணி. வேலை மாற்றத்தோடு குடும்பமும் ஊர் ஊராய் மாறிற்று; 1960களின் தொடக்கத்தில் ஈப்போவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அந்தப் பையன் விரும்பிப் படித்தவை எவை என்று கேட்டால், நமக்குக் கொஞ்சம் வியப்பாய் இருக்கும். 'டாண்டி', 'பீனோ' என்ற பிரிட்டிஷ் சிறுவர் சித்திர இதழ்கள் முதலிடம். ஸ்காட்லாந்திலிருந்து முன்னது 1937இலும் பின்னது 1938இலும் வெளிவரத் தொடங்கியவை. குறும்புக்காரப் பையன்களும், பிரம்போடு துரத்தும் வாத்தியார்களும் நிறைந்தவை. இவற்றோடு ராஜா ஹம்சா என்ற மலாய் ஓவியரின் கதைகளையும் லாட் ஆசையோடு படித்தார். குடும்ப நண்பர் ஒருவர் அவருக்கு ஒரு யோசனை சொன்னார்: உன்னைச் சுற்றி நடப்பதைப் பார், அதை வரை என்று. கேட்பதற்கு மிகச் சாதாரணமான யோசனை. ஆனால் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து வரையும் பிள்ளைக்கு அது கடினமான காரியம். சீமைத் தெருவும் புகைபோக்கி வைத்த வீடும் பார்த்து வரையச் சுலபமாய் இருக்கும். தன் வீட்டுப் படிக்கட்டு எத்தனை படி என்று கேட்டால் எண்ணிப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

திரைப்பட இதழ்களுக்கு அவர் கேலிச்சித்திரங்கள் அனுப்பினார். கிடைத்த கூலி சினிமா டிக்கெட்டுகள். அதன் பிறகு வந்தது பினாங்கின் 25 வெள்ளி.

ஆசிரியர் ஒருவரைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். ஈப்போவில் தொடக்கப் பள்ளியில் லாட்டுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் திருமதி ஹியூ. பாடத்துக்கு வேண்டிய படங்களை அந்த ஆசிரியை லாட்டையே வரையச் சொல்வாராம். கம்பத்துக்கு வெளியே விரிந்து கிடக்கும் உலகத்தை அவர் அந்தப் பிள்ளைக்குக் காட்டினார். பின்னாளில் லாட்டின் படங்களில், வண்ணத்துப்பூச்சி இறக்கை போல மேலே வளைந்த மூக்குக் கண்ணாடி அணிந்து, வகுப்பே நடுங்க நிற்கும் ஓர் ஆசிரியை அடிக்கடி வருவார். அந்தப் பாத்திரத்துக்கு மூலம் இவரே. நம் ஆசிரிய நண்பர்கள் சிலருக்கு இந்தப் படம் பிடிப்பதில்லை. கேலி செய்கிறாரே என்பார்கள். கேலிதான். ஆனால் நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஆன பிறகும் கண்ணாடியின் வளைவு வரை ஒரு மாணவன் நினைவில் வைத்திருக்கிறான் என்றால், அந்த ஆசிரியைக்கு வேறு என்ன மரியாதை வேண்டும்?

இன்னொருவர் ரெஜாப்ஹாட். மலேசியக் கேலிச்சித்திரக்காரர்களின் மூத்தவர் என்று போற்றப்பட்டு, 2002ஆம் ஆண்டில் மறைந்தவர். லாட்டின் 13ஆம் வயதிலிருந்தே இருவருக்கும் கடிதப் போக்குவரத்து. தமக்குத் தெரிந்த தொழில் நுணுக்கங்களை அந்தப் பெரியவர் கடிதத்திலேயே கற்றுக் கொடுத்தார். லாட்டின் தாயாரும், மகனைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டார். குருகுலம் என்றால் ஆற்றங்கரையும் ஆலமரமும் நமக்கு நினைவுக்கு வரும். இங்கே தபால்பெட்டியே குருகுலமாக இருந்திருக்கிறது.

1968ஆம் ஆண்டில், 17 வயதில், 'பெரித்தா மிங்கு' என்ற ஞாயிறு இதழில் 'கெலுவார்கா சீ மாமாட்' என்ற தொடர் சித்திரத்தை லாட் தொடங்கினார். மாமாட் என்பவனின் குடும்பத்தில் நடக்கும் கூத்துகளே பொருள். அது வாரந்தோறும் 26 ஆண்டுகள் வெளிவந்தது! தொடங்கியபோது அவர் ஈப்போ எண்டர்சன் பள்ளி மாணவர். அடுத்த ஆண்டு பள்ளிப் படிப்பு முடிந்தது. சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வில் மூன்றாம் நிலைத் தேர்ச்சி. ஆறாம் படிவத்துக்குப் போக அது போதவில்லை. பத்திரிகையில் படம் வரையும் வேலை கேட்டுப் போனார். அந்த இடம் காலியில்லை. புகழ்பெற்ற பத்திரிகையாசிரியரான அப்துல் சமாட் இஸ்மாயில், நிருபர் வேலை இருக்கிறது, செய்கிறாயா என்று கொடுத்தார். அதுவும் குற்றச் செய்தி நிருபர் வேலை. கோலாலம்பூரில் போலீஸ் நிலையம், வழக்குமன்றம் என்று அலைய வேண்டிய பிழைப்பு.

அந்தச் சமயத்தில் தந்தையார் கடுமையாக நோயுற்று வேலை செய்ய முடியாதவரானார். குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு 19 வயது இளைஞர் மேல் விழுந்தது. பகலில் செய்தி, கிடைத்த நேரத்தில் சித்திரம். செய்தி சேகரிப்பதில் அவர் சிறந்து விளங்கியவர் என்று யாரும் சொல்வதில்லை. ஆயினும் அந்த ஆண்டுகள் வீணானவை என்று நாம் எண்ணவில்லை. மலாய்க்காரர், சீனர், இந்தியர், சீக்கியர் என எல்லாரும் வந்து நிற்கும் இடம் போலீஸ் நிலையத்து முன்கூடம். எப்படி நிற்கிறார்கள், எப்படிக் கை கட்டுகிறார்கள், எங்கே துப்புகிறார்கள் என்று பார்க்க அதைவிட நல்ல பள்ளி உண்டா? பின்னால் அவர் வரைந்த கூட்டங்களில் ஒவ்வொருவரும் அவரவர் நிற்கும் விதமாகவே நிற்கிறார்கள். முகத்தை மறைத்துவிட்டு நிற்கும் விதத்தை மட்டும் பார்த்தாலும் ஆள் யாரென்று சொல்லிவிடலாம்.

திருப்பம் 1974ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்தது. மலாய்ச் சிறுவர்களுக்கு நடக்கும் சுன்னத்துச் சடங்கைப் பற்றி அவர் வரைந்த படங்கள், ஹாங்காங்கிலிருந்து வெளிவந்த 'ஏசியா மேகசின்' இதழில் பிரசுரமாயின. கோலாலம்பூரில் 'நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' நாளிதழின் தலைமை ஆசிரியர் அதைப் பார்த்து வியந்து, யார் இவர் என்று விசாரித்தார். விசாரித்தால், தம் நிறுவனத்திலேயே வேலை செய்யும் குற்றச் செய்தி நிருபர்! அக்கரைக்குப் போய் வந்த பிறகுதான் நம் வீட்டுப் பண்டத்துக்கு விலை தெரிகிறது. இந்த வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று.

உடனே அவரைப் பத்தி ஓவியராக்கி, லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப் பள்ளிக்கு நான்கு மாதப் பயிற்சிக்கும் அனுப்பினார்கள். அங்கே ரால்ப் ஸ்டெட்மன், ஜெரால்ட் ஸ்கார்ப் போன்ற ஆங்கிலக் கேலிச்சித்திரக்காரர்களின் வேகமான, அச்சமற்ற கோடுகள் அவரைக் கவர்ந்தன. திரும்பி வந்து 'மலேசிய வாழ்க்கைக் காட்சிகள்' என்று பொருள்படும் தலைப்பில் அவர் ஆங்கில நாளிதழில் வரைந்தவை, நாட்டு நடப்பைத் தொடும் கருத்துப்படங்களாயின. ஆனால் ஸ்டெட்மன், ஸ்கார்ப் இருவரின் கோட்டிலும் உள்ள கடுப்பு லாட்டின் கோட்டில் இல்லை. அமைச்சரை வரைந்தாலும் அந்த அமைச்சரே சிரித்துக்கொண்டு அசல் படத்தைக் கேட்டு வாங்கிப் போகக்கூடிய வகையில் வரைவார். இதை ஒரு குறையாகச் சொல்வோரும் உண்டு. கருத்துப்படம் என்பது குத்த வேண்டும், கிச்சுகிச்சு மூட்டினால் மட்டும் போதாது என்பது அவர்கள் கட்சி. அந்தக் கட்சியில் நியாயம் இல்லாமல் இல்லை. தமிழில் பாரதியார் 1906ஆம் ஆண்டு முதல் 'இந்தியா' பத்திரிகையில் வெளியிட்ட சித்திரங்கள் குத்துவதற்காகவே வெளியிடப்பட்டவை. என்றாலும், பல இனத்தார் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே படத்துக்குச் சிரிப்பது எளிதாய்க் கிடைக்கும் காட்சியன்று. அதை லாட் வாரத்துக்கு வாரம் நடத்திக் காட்டினார்.

இப்போது அவருடைய முதன்மையான நூலுக்கு வருவோம். 1979ஆம் ஆண்டில் பெரித்தா பதிப்பகம் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டது. பெயரின் பொருள் 'கம்பத்துப் பையன்'. வெளியான மூன்று நான்கு மாதங்களுக்குள் 60,000 பிரதிகளுக்கும் மேல் விற்றது. 'பூடாக் கம்போங்' என்ற மலாய் வடிவமும் வந்தது. 1981ஆம் ஆண்டில் 'பட்டணத்துப் பையன்' என்று சொல்லத்தக்க அடுத்த நூல் தொடர்ந்தது. முதல் நூல் 2006இல் அமெரிக்காவிலும் பதிப்பிக்கப்பட்டது.

புத்தகம் கையில் இல்லாத நேயர்களுக்காகச் சொல்கிறோம். வழக்கமான சித்திரக்கதையில் பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, வாயிலிருந்து புகை கிளம்புவது போல வசனம் எழுதியிருப்பார்கள். இந்த நூலில் பெரும்பாலும் கட்டமே இல்லை. பக்கம் நிறைய ஒரு பெரிய கறுப்பு வெள்ளைப் படம். அதனருகே கையெழுத்திலேயே இரண்டு மூன்று வரிகள். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பழைய புகைப்பட ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே பேசுவது போல் இருக்கும். மரத்தூண்கள் மேல் நிற்கும் வீடு, வீட்டுக்கடியில் கோழி, ஆற்றில் குதிக்கும் பிள்ளைகள், குர்ஆன் ஓதக் கற்றுக்கொள்ளும் மாலை வேளை, தூரத்தில் இரைந்துகொண்டே மண்ணைத் தின்னும் ஈயக் கப்பல். கிந்தா பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்கு அந்த இரைச்சல் படத்திலிருந்தே கேட்கும்.

அதில் ஓர் இடம் நம் மனத்தை விட்டு அகலுவதில்லை. கதையின் சிறுவன் தன் தோழர்களோடு சேர்ந்து, ஈயக் கப்பல் ஒதுக்கும் மண்ணைத் திருட்டுத்தனமாக அரித்து ஈயம் எடுக்கிறான். தகப்பனிடம் கொண்டுவந்து காட்டுகிறான். மகிழ்வார் என்று எண்ணுகிறான். தகப்பன் கோபத்தோடு கையோங்குகிறார். பிறகு ஒரு நாள் அவனைக் குடும்பத்தின் ரப்பர்த் தோட்டத்துக்கு அழைத்துப் போகிறார். நீ படித்து முன்னுக்கு வந்தால் இது உன்னுடையது என்கிறார். சொந்தமாகச் சில ஏக்கர் வைத்திருந்த மலாய்க் குடியானவரால் மகனிடம் அப்படிச் சொல்ல முடிந்தது. அதே பால்மரத்தை வெட்டிய நம் தகப்பன்மார்களும் பிள்ளைகளைப் படிக்கச் சொன்னார்கள்; ஆனால் மரத்தைக் காட்டி, இது உன்னுடையது என்று சொல்ல அவர்களுக்கு வழியில்லை. இது உனக்கு வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். ஒரே மரம், இரண்டு பேச்சு.

கதை முடியும் இடமும் கவனிக்கத்தக்கது. சிறுவன் தேர்வில் தேறி, ஈப்போவில் விடுதிப் பள்ளிக்குப் புறப்படுகிறான். அதே சமயத்தில் ஓர் ஈயக் கம்பெனி கம்பத்து நிலத்தை அளந்து பார்க்கிறது. மண்ணில் ஈயம் இருந்தால் நல்ல விலை கிடைக்கும், பட்டணத்தில் வீடு வாங்கலாம் என்று பெரியவர்கள் பேசிக்கொள்கிறார்கள். சிறுவனோ, தான் திரும்பி வரும்போது ஊர் இப்படியே இருக்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டு போகிறான். 1979இல் இதைப் படித்த பல்லாயிரம் பேர் கம்பத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்து கொண்டிருந்தவர்கள். புத்தகம் அவ்வளவு விற்றதற்குச் சிரிப்பு மட்டும் காரணமன்று.

இதே காலத்தில் இங்கிலாந்தில் நடந்த ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே பெரிய கம்பெனிகளின் இதழ்களில் வீரர்களுக்கும் குறும்பர்களுக்கும் இடமிருந்தது. ஓவியர் தம் சொந்த வாழ்க்கையை வரைந்தால் அதை வாங்க ஆளில்லை. ஆகவே அவர்கள் தாங்களே வரைந்து, நகல் இயந்திரத்தில் பிரதி எடுத்து, தாங்களே தைத்து விற்றார்கள். 1981ஆம் ஆண்டில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடும் சித்திரக்கதைச் சந்தையில், பால் கிராவெட் என்பவர் 'பாஸ்ட் பிக்ஷன்' என்ற பெயரில் ஒரு மேசை போட்டு, இத்தகைய சிறு வெளியீடுகளை விற்றுக் கொடுத்தார். ஸ்காட்லாந்தில் பிறந்த எட்டி கேம்பெல் என்ற ஓவியர் அந்த வட்டத்திலிருந்து வந்தவர். தம் வாழ்க்கையையே 'அலெக்' என்ற பாத்திரத்தின் பெயரில் வரைந்து வந்தார். அது 1984இல் சிறு நூலாக வெளிவந்தது. மதுக்கடை, தொழிற்சாலை, நண்பர்கள், வெட்டிப் பேச்சு இவையே பொருள். பிற்பாடு உலகம் அவரைக் கொண்டாடியது. தொடக்கத்தில் அவர் கதையை வாங்கிப் படித்தவர்கள் ஒரு சிறு கூட்டம்தான்.

அங்கே ஒரு மேசையில் கைக்கட்டாக விற்ற பொருள், அதாவது சாதாரண மனிதன் தன் நாட்களைத் தானே வரைந்து சொல்வது, இங்கே அதே ஆண்டுகளில் கடைகளில் பல்லாயிரமாக விற்றது. சித்திரக்கதையின் தாயகம் என்று நாம் எண்ணும் நாட்டை விட, அந்த ஒரு வகையில் நம் நாடு முந்திக்கொண்டது. 1986ஆம் ஆண்டில் கோலாலம்பூர் தேசிய அரும்பொருளகத்தில் லாட்டின் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, இரண்டு மாதங்களில் 6 லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அவர் பத்திரிகை வேலையை விட்டு விலகித் தம் விருப்பப்படி வரையத் தொடங்கியிருந்தார்.

இந்த உரையை நாம் எழுதுவது பாயான் லெப்பாஸில். விமான நிலையம் இருக்கும் ஊர் என்றும், மின்னணுத் தொழிற்சாலை ஊர் என்றும் வெளியார் அறிவார்கள். 1972ஆம் ஆண்டில் இங்கே சுதந்திர வாணிப வட்டாரம் அமைந்தது. அவ்வாண்டிலேயே இன்டெல் போன்ற நிறுவனங்கள் வந்தன. அவை எழுந்தது நெல் வயல்களும் கம்பங்களும் இருந்த நிலத்தில். இன்றும் பெரிய சாலையை விட்டு உள்ளே திரும்பினால், அடுக்குமாடிகளுக்கு இடையில் தூண்வீடு ஒன்றிரண்டு நிற்கும், தென்னை நிற்கும். லாட்டின் பக்கம் ஒன்றைப் பிய்த்து நட்டு வைத்தது போல் இருக்கும். மலாய்க் கம்பம் எப்படி இருந்தது என்று நாளைக்கு ஒரு பிள்ளை கேட்டால், எடுத்துக் கையில் கொடுக்க ஒரு நூல் உண்டு.

நம் தோட்டங்கள் எப்படி இருந்தன என்று கேட்டால்?

எழுத்தில் கொஞ்சம் இருக்கிறது. மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் தோட்டத்தைச் சிறுகதையிலும் நாவலிலும் எழுதத்தான் செய்தார்கள். புகைப்படங்களும் உண்டு. ஆனால் அவற்றில் பலவும் துரைமார்கள் எடுத்தவை; ஆட்கள் வரிசையாக நிற்பார்கள், யார் பெயரும் இராது. ஒரு பிள்ளையின் கண்ணால் பார்த்த தோட்டம் வரைபடமாக நம்மிடம் எங்கே இருக்கிறது? விடியுமுன் பெரட்டுக்குக் கூடும் கூட்டம், தண்டல் கையிலிருக்கும் விளக்கு, தோளில் காண்டாக் கம்பு, மரத்தில் கவிழ்த்து வைத்த மங்கு, கோட்டுப்பால் நாற்றம், ஆயக்கொட்டகையில் தொங்கும் தூளிகள், லயத்து வாசலில் குளிக்கும் பிள்ளைகள், மாரியம்மன் திருவிழாவுக்கு வந்திறங்கும் லாரி நிறையச் சொந்தக்காரர்கள். எதுவும் வரையத் தகாததன்று. இவற்றை வரைந்தால் யார் போடுவார்கள் என்று எவரும் கேட்டதாகக் கூட நமக்கு நினைவில்லை.

நம்மில் ஓவியம் பழகிய பிள்ளைகள் இல்லாமல் இல்லை. அவர்கள் எதைப் பார்த்து வரைந்தார்கள்? தமிழ்நாட்டிலிருந்து வரும் இதழ்களின் அட்டையைப் பார்த்து வரைந்தார்கள். சிவகாசியிலிருந்து 1972ஆம் ஆண்டில் 'முத்து காமிக்ஸ்' தொடங்கிற்று. அதன் முதல் வெளியீடு 'இரும்புக்கை மாயாவி'. அந்த மாயாவி தமிழ் பேசினாலும் பிறந்தது இங்கிலாந்தில். 'வேலியண்ட்' என்ற வார இதழில் 1962இல் தோன்றியவர். அவரை வரைந்த ஜேசுஸ் பிளாஸ்கோ ஸ்பெயின் நாட்டு ஓவியர். ஆங்கிலேயர் இதழுக்காக ஒரு ஸ்பானியர் வரைந்த வீரனைச் சிவகாசி வழியாகத் தமிழ்ப் பிள்ளைகள் சுவரில் கரித்துண்டால் வரைந்தார்கள். அதில் தவறொன்றுமில்லை, லாட்டும் 'பீனோ' பார்த்துப் பழகியவர்தாம். அவருக்கு ஒரு குடும்ப நண்பர், ஓர் ஆசிரியை, கடிதம் எழுதும் ஒரு மூத்த ஓவியர், தபாலைப் பிரித்துப் பார்க்கும் ஒரு சிறு பதிப்பகம் என்று அடுத்தடுத்து ஆட்கள் அமைந்தார்கள். நம் பிள்ளைக்குப் பெரும்பாலும் அமைந்தது, கணக்குப் புத்தகத்தில் கிறுக்காதே என்ற ஒரு குரல். அந்தக் குரல் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களின் குரலே என்பதையும் மறைப்பதற்கில்லை.

வெறும் குறை சொல்லிப் பயனில்லை, செய்யக்கூடியது எளிது. ஓவியப் பாட வேளையில் மலையும் இரண்டு மலைக்கு நடுவே சூரியனும் வேண்டாம் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். நாம் பணிபுரிவது தோட்டம் போய்த் தோட்டப் பள்ளி என்ற பெயர் மட்டும் நிற்கும் பள்ளி. பிள்ளைகள் அடுக்குமாடியிலிருந்து வருகிறார்கள். பால்மரத்தைக் கிட்டத்தில் பார்த்தவர் அவர்களில் சிலரே. ஆகவே வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம் கேட்டு, அவர்கள் குடியிருந்த லயத்தை வரைந்து வாருங்கள் என்று சொன்னோம். முதல் தடவை வந்தவற்றில் பாதி, புகைபோக்கி வைத்த சீமை வீடுகள்! திருப்பிக் கொடுத்து, அடுப்பு எங்கே இருந்தது, தண்ணீர் எங்கிருந்து வந்தது, ராத்திரி எங்கே படுத்தார்கள் என்று கேட்டு வரச் சொன்னோம். இரண்டாம் தடவையில் ஆள் முகம் வந்தது. மூன்றாம் தடவையில் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள்.

தாள் எதுவானாலும் சரி. பழைய தேர்வுத்தாளின் பின்பக்கம் போதும். கறுப்புப் பேனா ஒன்று போதும், வண்ணம் தேவையில்லை. படத்துக்கடியில் இரண்டு வரி, பிள்ளையின் கையெழுத்திலேயே இருக்கட்டும். எழுத்துப்பிழையைச் சிவப்பு மையால் படத்தின் மேலேயே திருத்த வேண்டாம். தனியே ஒரு தாளில் சொல்லலாம். எட்டுப் பக்கம் சேர்ந்தால் நகலெடுத்து நடுவில் தைத்துவிடலாம். வெஸ்ட்மின்ஸ்டர் சந்தையில் விற்றவையும் ஏறக்குறைய இப்படி ஆனவைதாம். பள்ளி விளையாட்டுப் போட்டி நாளன்று ஒரு மேசையில் வைத்து 1 வெள்ளிக்கு விற்றால், முதலில் வாங்குபவர்கள் பாட்டிமார்களாகவே இருப்பார்கள். பத்திரிகை ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் பக்கத்துக்கு வரும் படங்களைப் பரிசுப் போட்டி என்ற பெயரில் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் போடாமல், மாதத்துக்கு ஒன்றையாவது முழுப் பக்கத்தில் போட்டு, போகிற போக்கில் ஒரு கடிதமும் எழுதிப் போடுங்கள். ரெஜாப்ஹாட் செலவழித்தது தபால்தலைக் காசுதான்.

எங்கள் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் படம் இன்னும் முடியவில்லை. லயத்துக்கு முன்னால் பொதுக் குழாய், குழாயைச் சுற்றி வாளிகள், வாளிகளுக்குப் பின்னால் வாய்ச்சண்டை போடும் இரண்டு பெண்கள். பாட்டியிடம் காட்டினானாம். பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, குழாய் இந்தப் பக்கம் இல்லையடா, அந்தக் கடைசி வீட்டோரம், எங்கள் வாளி எப்போதும் மூன்றாவதாக இருக்கும் என்றாராம். அழித்துவிட்டு மறுபடியும் வரைந்துகொண்டிருக்கிறான்.